திட்டமிடாத தனிப் பயணம்: கேமராவுடன் கடல் கடக்க நினைப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: எதிர்பாராமல் இரண்டு வாரம் விடுப்புக் கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டும் கேமராவும் தவிர வேறு எந்த ஏற்பாடும் இல்லை. தனியாக எங்கே போகலாம்? (வாசகர், காரைக்குடி)

பதில்: முதலில் பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பது தென்கிழக்காசிய நாடுகள் பலவற்றின் விதி. சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். வியட்நாமுக்கு மின்விசா உண்டு, ஆனாலும் சில வேலை நாட்கள் காத்திருக்க நேரும். சட்டென்று கிளம்ப மலேசியாதான் வசதி. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கும் சலுகை 2026 டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பிவிடுங்கள். இத்தகைய சலுகைகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் எடுக்கும் அன்றே தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

படம் எடுப்பவருக்கு நான் பினாங்கைத்தான் சொல்வேன். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து படகில் சிறிது நேரம். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனில் கடைவீடுகளின் முன்னால் வளைவு வளைவாக ஓடும் நடைபாதைகளில், நம் செட்டிநாட்டு வீட்டு முகப்பிலும் வளவிலும் (நடு முற்றத்திலும்) பார்த்துப் பழகிய அதே பக்கவாட்டு வெளிச்சம் விழும். அங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல்தான். நம் ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கே எழுந்து அலைய வேண்டாம். ஏழேகால் முதல் ஒன்பது வரை உள்ள நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: தங்குமிடம் எதையும் பதிவு செய்யாமல், மனம் போன போக்கில் சுற்ற விரும்புகிறேன். இமிகிரேஷனில் தடுப்பார்களா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: தடுக்க வாய்ப்பு உண்டு, இந்தக் கேள்வியை எல்லோரும் கவனத்துடன் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சுற்றுலா என்று சொல்லிப் போய் வேலைக்குச் சேர்ந்துகொள்பவர்களும், அப்படி ஆசை காட்டி ஏமாற்றப்படுபவர்களும் நம் மாவட்டங்களில் ஏராளம் என்பதால், தனியாக வரும் இளைஞரை இங்குள்ள அதிகாரியும் சந்தேகிப்பார், அங்குள்ள அதிகாரியும் சந்தேகிப்பார். திரும்பும் டிக்கெட் இல்லாமல் போய் நின்றால் அந்தச் சந்தேகத்துக்கு நாமே சான்று கொடுத்ததாக ஆகிவிடும்.

ஏற்பாடு இல்லாத பயணம் என்றாலும் முதல் இரவும் கடைசி நாளும் முடிவாகியிருக்க வேண்டும். நடுவிலுள்ள நாட்களை மட்டும் அவிழ்த்துவிடுங்கள். அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டிநாட்டு நகரத்தார்கூட, இறங்கியதும் போய்த் தங்கக் கிட்டங்கி (தொழிலிடமும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்) இருக்கிறது என்ற உறுதியோடுதான் கப்பல் ஏறினார்கள். எனவே திரும்பும் டிக்கெட், முதல் இரண்டு இரவுக்கான அறைப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வேலையில் இருந்தால் விடுப்புக் கடிதம், தொழில் செய்தால் அதன் பதிவுச் சான்று ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசி அணைந்துபோனாலும் தாள் கையில் இருக்கும். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், ஊர் சுற்றிப் படம் எடுக்க வந்தேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலேசியாவில் உறவினர் வீட்டுக் கல்யாணத்தைக் கூலிக்குப் படம் எடுத்துவிட்டு, மிச்ச நாளில் சுற்றிப் பார்க்கலாம் என்று நம் பகுதிப் புகைப்படக்காரர்கள் சிலர் நினைக்கிறார்கள். சுற்றுலாப் பயணியாக நுழைந்தவர் கூலிக்கு வேலை செய்யக் கூடாது. பிடிபட்டால் தண்டனையும் கிடைக்கலாம், அடுத்த பயணமும் கெடலாம்.

கேள்வி: என்னென்ன கருவிகள் கொண்டுபோகலாம்? டிரோன்? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: ஒரு கேமரா, ஒரு 35 மி.மீ. லென்ஸ், சற்றுத் தொலைவுக்கு ஒரு 85 மி.மீ. லென்ஸ். தனியாகப் போகிறவர் தோளில் இதற்கு மேல் ஏற்றினால் நாலாவது நாள் பை அறையிலேயே கிடக்கும். உபரி பேட்டரிகளும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்மணி (பேட்டரி தேக்கும் ஆற்றலின் அளவு) வரை பொதுவாக அனுமதி உண்டு. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்மணிதான். விலை உயர்ந்த கேமரா என்றால் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கப் பிரிவில் அதன் வரிசை எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கிவந்தது என்ற வாக்குவாதம் எழாது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமராவை எடுக்காமல் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுவைத்தால் லென்ஸில் ஆவி படியாது. டிரோன் வேண்டாம். அனுமதி வாங்குவதற்குள் விடுப்பு முடிந்துவிடும்.

கேள்வி: எனக்கு ஐம்பது வயது. தனியாகப் போகிறேன் என்றால் வீட்டில் பயப்படுகிறார்கள். அங்கே முகம் தெரியாதவர்களைப் படம் எடுக்கவும் தயக்கமாக இருக்கிறது. (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: அவசியம் போய்வாருங்கள், ஆச்சி. தினமும் இரவு எட்டு மணிக்கு இருக்கும் இடத்தையும் மறுநாள் போகும் ஊரையும் வீட்டுக்கு ஒரு வரியில் அனுப்புவதாகச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், காப்பீட்டின் நகல்களையும் கொடுத்துவிட்டுப் போங்கள். பயம் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். கேமராவை இறக்கி வைத்துக்கொண்டு முதலில் வணக்கம் சொல்லுங்கள், அனுமதி கேளுங்கள், எடுத்த படத்தைக் காட்டுங்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். இலங்கைக்குப் போவதாக இருந்தால், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது அங்கே பெரும் அவமதிப்பு என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர். அந்த ஊரைத் தேடிப் போய்ப் படம் எடுத்துவர ஆசை. இப்போதே கிளம்பலாமா? (வாசகர், கண்டனூர்)

பதில்: உங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது, ஆனாலும் இப்போது வேண்டாம் என்றே சொல்வேன். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அந்த நாட்டின் பல பகுதிகளில் சண்டை நடக்கிறது. முன்னேற்பாடு இல்லாமல் தனியாக, அதுவும் கையில் கேமராவோடு, சோதனைச் சாவடிகளைக் கடந்து உள்ளூர்களுக்குப் போவது உயிரோடு விளையாடுவதாகும். இப்போதைக்கு வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் பர்மாக் கடிதங்கள், பேரேடுகள், பழைய படங்கள் அனைத்தையும் சன்னல் ஓரத்து வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, அவற்றிலுள்ள தெருப் பெயர்களைக் குறித்துவையுங்கள். அமைதி திரும்பும் நாளில் எந்தத் தெருவைத் தேட வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும். கடல் கடந்தே ஆக வேண்டும் என்றால், வியட்நாமின் சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் தோன் தட் தியேப் தெருவில் இன்றும் இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள்.