வீடியோ போட்டால் போதுமா? மருத்துவக் கல்வி கேள்வி பதில்

உடலியங்கியல் உதவிப் பேராசிரியர்: சார், லெக்சரை எல்லாம் வீடியோவாகப் போட்டுவிட்டேன். மாணவர்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டு வருகிறார்கள். இது கன்ஸ்ட்ரக்டிவிச முறைதானே?

அதோடு நின்றால், ஹாலில் தூங்கியவர் வீட்டில் தூங்குவார், அவ்வளவுதான். கன்ஸ்ட்ரக்டிவிசம் என்றால் அறிவை மாணவரே கட்டிக்கொள்வது. மாணவர் தனக்குத் தெரிந்ததை வைத்துத் தானே ஒரு விளக்கம் சொல்லிப் பார்த்து, அது எங்கே இடிக்கிறது என்று கண்டு திருத்த வேண்டும். மிச்சமான வகுப்பு நேரம் அதற்குத்தான்.

உதாரணத்துக்கு ஒரு கேஸ்: விபத்தில் நிறைய ரத்தம் இழந்தவர். நாடி 130, பிபி 90/60, கை சில்லிட்டிருக்கிறது. ஏன் சில்லிடுகிறது? ஆளுக்கொரு பதிலைப் போனில் போடச் சொல்லுங்கள். திரையில் பதில்கள் பிரிந்து நிற்கும். சரியானதை உடனே சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடட்டும், அப்புறம் மறுபடி ஓட்டு. 'உடம்பில் ரத்தம் இல்லை, அதனால்தான்' என்றவரிடம், 'அப்படியென்றால் மூளைக்கு மட்டும் எப்படிப் போகிறது?' என்று யாராவது கேட்பார். சிம்பதடிக் நரம்புகள் (ஆபத்தில் உடம்பைத் தானாகவே உஷார்ப்படுத்துபவை) தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்குகின்றன என்ற இடத்துக்கு அவர்களே வந்துவிடுவார்கள். வராவிட்டால் நீங்கள் இருக்கிறீர்கள்.

எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவி: பிபிஎல் (ஒரு நோயாளியின் பிரச்சினையை வைத்துக் கற்கும் முறை) வகுப்பில் கேஸைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் எதுவுமே சொல்வதில்லை. நாங்களே படித்துக்கொள்ள கல்லூரி எதற்கு டாக்டர்?

நியாயமான எரிச்சல்தான். 1969-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் நோயாளியின் பிரச்சினையிலிருந்து பாடத்தைத் தொடங்கியபோதும், சிறு குழுவோடு ஒரு ட்யூட்டர் இருந்தார். வாயை மூடி உட்கார்வது அவர் வேலை இல்லை. தனியாக முடியாததைத் துணையோடு முடிக்கலாம் என்ற எல்லையைத்தான் உளவியலாளர் வைகாட்ஸ்கி பேசினார். முதலாண்டில் துணை நிறைய வேண்டும், போகப்போகக் குறையலாம். இந்தியாவில் 2019 சேர்க்கையிலிருந்து வந்த பாடத்திட்டத்தில் தானே கற்பதற்கென்று நேரம் இருக்கிறது. அதை ஆசிரியரின் ஓய்வு நேரமாக்குவது அநியாயம்.

ஒரு மாணவரின் அப்பா: இந்த மாதிரி வகுப்புகளால் மார்க் கூடுமா?

மனப்பாடத்தைச் சோதிக்கும் தேர்வில் பெரிதாகக் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நர்சிங் கல்லூரி ஆசிரியை: ஸ்கில் லேபுக்கு விலை உயர்ந்த மேனிக்கின் (பயிற்சி பொம்மை) அவசியமா?

சிபிஆருக்கு (இதயம் நின்றவரின் மார்பை அமுக்கும் முதலுதவி), அமுக்கும் ஆழத்தைத் திரையில் அளந்து காட்டும் பொம்மை ஒன்று போதும். பேசும், கண் சிமிட்டும் பொம்மை வேண்டாம். பெரியவர்களுக்கு மார்பு 5 செ.மீ.யாவது அமுங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்க வேண்டும். முதலில் திரையை மறைத்துவிட்டு இரண்டு நிமிடம் செய்யச் சொல்லுங்கள். 'எவ்வளவு ஆழம் போனது?' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அப்புறம் திரையைக் காட்டுங்கள். ஆழம் சரியாக இருந்தாலும், ஒவ்வொரு அமுக்கலுக்கும் பிறகு கையைத் தளர்த்தாமல் மார்பின் மீதே சாய்ந்திருந்தது அதில் தெரியும். மார்பு முழுதாக மேலே வராவிட்டால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. இதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கும் பத்து நிமிடப் பேச்சை விட்டுவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பயன் இல்லை.

ஹவுஸ் சர்ஜன்: ஏஐ-யை நோயாளியாக நடிக்கச் சொல்லி கேஸ் எடுத்துப் பழகுகிறேன். வார்டுக்கு மாற்றாகுமா?

பழகுங்கள், தப்பில்லை. நடிக்கும் நோயாளி புதிதும் இல்லை. 1963-லேயே நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் அமெரிக்காவில் அதற்கென்று ஆட்களைப் பயிற்றுவித்தார். ஆனால் ஏஐ நோயாளி கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடும். வார்டில் பாட்டி 'நெஞ்சு எரியுது' என்பார். அல்சரா, ஹார்ட் அட்டாக்கா என்று நீங்கள்தான் தோண்ட வேண்டும். ஆகவே ஏஐயிடம் 'சுற்றி வளைத்துப் பேசு, கேட்டால் மட்டும் சொல்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவில் அது தரும் டயக்னோசிஸைப் பார்க்கும் முன், உங்களுடையதைக் காரணத்தோடு எழுதி வையுங்கள்.