என்சைம் பத்தி கேட்ட கேள்விக்கெல்லாம் பதில்

பயோகெமிஸ்ட்ரி படிச்சிட்டு லேப்ல என்சைமோடயே (உடம்புல நடக்கற ரசாயன மாத்தங்களை வேகப்படுத்தற பொருள், பெரும்பாலும் புரோட்டீன்) குப்பை கொட்டிட்டிருக்கேன், கேள்வி இருந்தா போடுங்கன்னு சொன்னேன், குவிஞ்சிருச்சு. ஒவ்வொண்ணா வரேன்.

கேள்வி: அண்ணா நான் பிளஸ் டூ. என்சைம் வேலை செய்றத புக்ல பூட்டு-சாவின்னு போட்டிருக்கு, டியூஷன் சார் அது பழசு, இன்டியூஸ்டு ஃபிட் எழுதுங்கறார். எதை எழுத?

ரெண்டையும் எழுது தம்பி. பூட்டு-சாவி, அதாவது பூட்டுக்குச் சாவி மாதிரி என்சைமுக்குள்ள அதோட பொருள் அப்படியே பொருந்தும்ங்கறது, 1894ல எமில் ஃபிஷர் சொன்னது, அப்போ என்சைம்னா புரோட்டீன்தானாங்கறதே தெளிவா தெரியாது. இன்டியூஸ்டு ஃபிட், அதாவது பொருள் வந்து உக்காந்ததும் என்சைம் தன் வடிவத்தையே மாத்திக்கும்ங்கறது, 1958ல கோஷ்லாண்ட் சொன்னது. என்னைக் கேட்டா ஹெக்சோகைனேஸை உதாரணமா எழுது. செல்லுக்குள்ள வர்ற குளுக்கோஸ் மேல ஏடிபிலேர்ந்து (செல்லுக்கு சக்தி குடுக்கற மூலக்கூறு) ஒரு பாஸ்பேட்டை எடுத்து ஒட்டறதுதான் அதோட வேலை. ரெண்டு மடல், நடுவுல பள்ளம், குளுக்கோஸ் வந்து உக்காந்ததும் மடல் ரெண்டும் மூடிக்கும், உள்ள இருந்த தண்ணி வெளிய போயிரும். ஏன் தண்ணி போகணும்? அது அங்க நின்னா பாஸ்பேட் குளுக்கோஸுக்குப் போகாம தண்ணிகிட்ட போயிரும், ஏடிபி தண்டம். எந்த பூட்டாவது சாவியப் பாத்து வாய மூடுமா சொல்லு.

கேள்வி: காய்ச்சல் 103 வந்தா உடம்புல இருக்கற என்சைம் எல்லாம் வெந்துருமா?

வேகாதுங்க. 103ன்னா செல்சியஸ்ல 39.4 தான், நம்ம என்சைம்ல பெரும்பாலானது அதைத் தாங்கும். முட்டை வெள்ளைக்கரு கெட்டியாகவே 60 டிகிரிக்கு மேல வேணும். அதுக்காக காய்ச்சலை சும்மா விட்றாதீங்க, டாக்டரப் பாருங்க.

கேள்வி: 2024 கள்ளக்குறிச்சி கள்ளச்சாராய சம்பவத்தப்போ படிச்சேன், மெத்தனால் குடிச்சவங்களுக்கு ஆஸ்பத்திரில ஆல்கஹாலையே மருந்தா குடுக்கலாமாம். நிஜமாவா சார்?

நிஜம்தான். மெத்தனாலை விட உடம்பு அதை என்னவா மாத்துதுங்கறதுதான் இங்க ஆபத்து. கல்லீரல்ல ஆல்கஹால் டீஹைட்ரஜினேஸ்னு ஒரு என்சைம் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடா மாத்தும், அடுத்த என்சைம் அதை ஃபார்மிக் ஆசிடா மாத்தும், இந்த ஆசிட் மைட்டோகாண்ட்ரியால (செல்லுக்கு சக்தி தயாரிக்கிற பகுதி) போய் செல் ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாம தடுக்கும். கண் நரம்பு சீக்கிரம் அடி வாங்கும், பார்வை போறது இதனாலதான். இந்த மாத்தமெல்லாம் நடக்க நேரம் ஆகறதால குடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது, பல மணி நேரம் கழிச்சுதான் தெரியும், அதுக்குள்ள நல்லாத்தானே இருக்கான்னு வீட்லயே படுக்க வச்சிருவாங்க. கொடுமை அது.

இப்போ எத்தனால், அதாவது சாதாரண சாராயத்துல இருக்கற ஆல்கஹால், அதே என்சைம்ல அதே இடத்துல உக்காரும். என்சைமுக்கு மெத்தனாலை விட எத்தனால்தான் ரொம்பப் பிடிக்கும். அது இடத்தைப் பிடிச்சுகிட்டா மெத்தனால் மாறாம நிக்கும், டயாலிசிஸ்ல வெளிய எடுத்துரலாம். ஃபோமெபிசோல்னு மருந்தும் இதே வேலை பண்ணும், போதை ஏறாது, ஆனா விலை ஜாஸ்தி. இதையெல்லாம் ரத்த அளவு பாத்து ஆஸ்பத்திரில மட்டும்தான் பண்ணணும், வீட்ல யாரும் வைத்தியம் பாக்காதீங்க ப்ளீஸ்.

கேள்வி: மட்டன் வேக பப்பாளிக்காய் போடறோமே, அதுவும் என்சைமா?

ஆமாக்கா, பப்பெய்ன். கறியில இருக்கற புரோட்டீனை வெட்டும். அதிக நேரம் ஊற வச்சா கறி கூழாயிரும், பாத்துக்கோங்க.

கேள்வி: ஆஸ்பிரின் கொஞ்ச நேரத்துல ரத்தத்துலேர்ந்து போயிரும்னு படிச்சேன், அப்புறம் எதுக்கு சில ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்றாங்க?

சூப்பர் கேள்வி. ஆஸ்பிரின் போயிரும், ஆனா போறதுக்கு முன்னாடி சைக்ளோஆக்சிஜனேஸ்னு ஒரு என்சைம் மேல தன்னோட ஒரு துண்டை நிரந்தரமா ஒட்டிட்டுப் போகும், அந்த என்சைம் கதை அதோட முடிஞ்சது. அது இல்லாம தட்டணுக்கள் சரியா ஒட்டிக்காது, ஆபரேஷன்ல ரத்தம் நிக்க லேட்டாகும். மத்த செல்லா இருந்தா புதுசா செஞ்சுக்கும். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களுக்கு டிஎன்ஏ இருக்கற நியூக்ளியஸே கிடையாது, டிஎன்ஏ பாத்து புதுசா செய்ய வழியில்ல. அதோட ஆயுள் ஏழுலேர்ந்து பத்து நாள், பழசு செத்து புதுசு வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அதான் அந்த ஒரு வாரம். ஹார்ட்டுக்காக சாப்பிடறவங்க இதைப் படிச்சிட்டு தானா நிறுத்திராதீங்க.

கேள்வி: கொலாஜன் பவுடர் குடிச்சா தோல் பளபளன்னு ஆகுமா?

வயித்துக்குள்ள போனா அதுவும் ஒரு புரோட்டீன்தாங்க, அமினோ ஆசிடாவும் குட்டி பெப்டைடாவும் உடைஞ்சிரும், நேரா முகத்துக்குப் போய் உக்காராது. விளம்பரத்துல சொல்ற அளவுக்கெல்லாம் நான் நம்பல. கொலாஜன் கட்ற என்சைமுக்கு வைட்டமின் சி கட்டாயம் வேணும், அது ரொம்ப குறைஞ்சா ஈறுல ரத்தம் வர்ற ஸ்கர்வி வரும். கொய்யாவும் நெல்லிக்காயும் வாங்கிச் சாப்பிடுங்க, பவுடர் காசு மிச்சம்.