ஜூரி சொல்லிட்டா வாயை மூடிக்கணுமா?

கேள்வி: போன இதழ்ல, அமெரிக்காவுல ட்ரேவான் மார்ட்டின்ங்கற கறுப்பினப் பையனை ஜிம்மர்மேன்ங்கறவர் சுட்டுக் கொன்ன கேஸ் பத்தி எழுதியிருந்தீங்க. பொதுஜனத்துல இருந்து எடுத்த ஜூரி ஆறு பேர் மூணு வாரம் உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டு ஜிம்மர்மேன் குற்றவாளி இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறமும் படத்துக்குக் கீழ 'கொலைகாரர்'னு போடறீங்க, தெருவுல இறங்கினவங்களுக்கு வக்காலத்து வாங்கறீங்க. கோர்ட்டை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா? தீர்ப்பு தப்புன்னா அரசாங்கம் அப்பீல் போயிருக்க வேண்டியதுதானே? நீங்களே ஜூரியில இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

பதில்: முதல்ல தப்பை ஒத்துக்கறேன். படத்துக்குக் கீழ 'சுட்டவர்'னுதான் போட்டிருக்கணும், சுட்டதை அவரே மறுக்கல. கடைசி நேர அவசரம், யாரோ எழுதினதுன்னு நழுவலாம், ஆனா ப்ரூஃப் பாத்தது நான். அந்த ஒரு வார்த்தைக்கு மன்னிப்பு. மத்ததுக்கு இல்ல.

நம்ம பேப்பர்ல அடிக்கடி வருமே, 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை'ன்னு, அதைப் படிச்சுட்டு யாராவது 'அப்ப இவர் தங்கமான மனுஷன்'னு முடிவு பண்றோமா? இல்லையே, கேஸ் நிக்கலைன்னுதான் எடுத்துக்கறோம். ஆனா அமெரிக்கா, ஜூரின்னு வந்ததும் 'குற்றவாளி இல்லை'ங்கறதை 'நிரபராதி'ன்னு படிக்கறோம். அந்த ஆறு பெண்களும் அந்த வார்த்தையை சொல்லவே இல்ல. அவங்க முன்னாடி வெச்ச கேள்வி ரொம்ப குறுகலானது. 2012 பிப்ரவரி 26 ராத்திரி, ஃப்ளோரிடாவுல சான்ஃபோர்டுல, அந்தத் துப்பாக்கி வெடிச்ச நிமிஷத்துல, சுட்டவர் தன் உயிருக்கு ஆபத்துன்னு நியாயமா நம்பியிருக்க முடியாதுன்னு அரசு தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிச்சுதா? அவ்வளவுதான் கேள்வி. நம்ம சாட்சியச் சட்டத்துல தற்காப்புன்னு சொல்றவர்தான் அதைக் காட்டணும், அங்க அப்படியே தலைகீழ், தற்காப்புன்னு ஒருத்தர் கிளப்பிட்டா அது இல்லைன்னு நிரூபிக்கிற சுமை அரசு தரப்பு தலையில விழும், அதுவும் சம்பவத்தை நேர்ல முழுசா பாத்த இன்னொரு ஆள் செத்துப்போன கேஸ்ல.

அந்தக் கேஸ்ல என்னை இன்னிக்கும் உறுத்தறது ஒரு ஆடியோ. பக்கத்து வீட்டுல இருந்து ஒருத்தர் 911-க்கு (அங்க அவசர உதவி நம்பர்) போன் பண்றாங்க, பின்னாடி ஒரு குரல் உதவி கேட்டு அலறுது, துப்பாக்கி சத்தம், குரல் நின்னுபோச்சு. ட்ரேவானோட அம்மா கோர்ட்டுல வந்து அது என் பையன்தான்னாங்க. ஜிம்மர்மேனோட அம்மாவும் வந்தாங்க, அது என் பையன்தான்னாங்க. ரெண்டு பேரும் பொய் சொன்ன மாதிரி யாருக்கும் தோணல. அதோட ஜிம்மர்மேன் மூக்கு உடைஞ்சிருந்தது, பின்தலையில ரத்தக் காயம், மேல யாரு கீழ யாருன்னு சாட்சிகள் ஆளுக்கொண்ணு சொன்னாங்க. இதுல சந்தேகம் வராம இருக்கறதுக்கு ஜூரி என்ன கல்லா? அந்தப் பெண்களைத் திட்டினவங்களோட எனக்கு ஒத்துவராது, அதை போன இதழ்லயே எழுதியிருந்தேன், நீங்க அந்தப் பத்தியைத் தாண்டிட்டீங்க போல.

ஆனா ஜனங்க கேட்டது வேற கேள்வி சார். பதினேழு வயசுப் பையன், கையில ஸ்கிட்டில்ஸ் மிட்டாய் பாக்கெட்டு, ஒரு பானம், மழையில தங்கியிருந்த வீட்டுக்கு நடந்துட்டு இருக்கான், தெருக்காவல் தன்னார்வலர் ஒருத்தர் வண்டியில இருந்து பாத்து 'சந்தேகப்படற மாதிரி இருக்கான்'னு போலீசுக்கு போன் போடறாரு, பின்னாடி போறீங்களான்னு போலீஸ் லைன்ல கேக்கறாங்க, ஆமாங்கறாரு, அது தேவையில்லைன்னு சொல்றாங்க. கொஞ்ச நேரத்துல பையன் பொணம். போலீஸ் அன்னிக்கு ராத்திரியே விசாரிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ஒன்றரை மாசம் கேஸ் கிடையாது, நாடு முழுக்க ஊர்வலம் போனப்புறம்தான் சிறப்பு வக்கீல் ஒருத்தர் வந்து ஏப்ரல் 11-ம் தேதி குற்றச்சாட்டு பதிவாச்சு. நீங்க மதிக்கச் சொல்ற அந்த கோர்ட்டு விசாரணையே தெருவுல கத்தினவங்க வாங்கிக்கொடுத்ததுதான், இதை ஒரு தடவை நிதானமா யோசிச்சுப் பாருங்க.

அந்தப் பையனை ஏன் சந்தேகப்பட்டாங்கங்கறதுதான் ஊரு முழுக்க பேச்சு, அதை ஜூரி முன்னாடி பேசவே அளந்து அளந்துதான் விட்டாங்க. 'ஆளை எடை போட்டாரு'ன்னு அரசு தரப்பு சொல்லலாம், 'இனத்தை வெச்சு எடை போட்டாரு'ன்னு சொல்லக்கூடாதுன்னு ஜட்ஜ் முன்கூட்டியே சொல்லிட்டாங்க. சட்டப்படி அதுக்குக் காரணம் இருக்கலாம். ஆனா உள்ள பேச விடாத விஷயத்தை வெளியிலயும் பேசாதேன்னு நீங்க சொன்னா எங்கதான் பேசறது?

அப்பீல் கேட்டீங்க. அது இங்க, அங்க கிடையாது. அமெரிக்காவுல ஜூரி விடுதலை பண்ணிட்டா அரசாங்கம் அதே குற்றத்துக்கு மேல போக முடியாது, அரசியல் சட்டமே தடுக்குது. 1955-ல மிசிசிப்பியில எம்மெட் டில்லுன்னு 14 வயசுப் பையனைக் கொன்ன கேஸ்ல ரெண்டு பேரை, எல்லாருமே வெள்ளைக்கார ஆம்பளைங்களா இருந்த ஜூரி ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல உள்ள போய்ட்டு வந்து விடுதலை பண்ணுச்சு, அடுத்த ஜனவரியில அவங்களே ஒரு பத்திரிகைக்கு காசு வாங்கிட்டு நாங்கதான் கொன்னோம்னு பேட்டி கொடுத்தாங்க, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியல. ஜூரி சொன்னா முடிஞ்சுதுங்கறது சட்டத்துக்கு சரி. அது உண்மைக்கும் முற்றுப்புள்ளின்னு நெனச்சா இந்த மாதிரி எங்கயாவது முட்டிக்குவோம்.

நம்ம பக்கம் பாருங்க, நானாவதி கேஸ். 1959, பம்பாய், கடற்படை கமாண்டர், மனைவியோட காதலரைச் சுட்டுட்டாருன்னு கேஸ், ஜூரி எட்டுக்கு ஒண்ணுன்னு விடுதலை, ஜனங்களும் ஒரு வாரப் பத்திரிகையும் அவரைத் தலையில தூக்கி வெச்சு ஆடினாங்க. ஜட்ஜ் அதை ஏத்துக்காம ஹைகோர்ட்டுக்கு அனுப்பினாரு, ஆயுள் தண்டனை, 1961-ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. அங்க ஊர் கொண்டாடினதை ஜட்ஜே மறுத்தாரு, அதுக்காக அவர் கோர்ட்டை அவமதிச்சாருன்னா சொல்லுவீங்க? (மூணு வருஷத்துல மன்னிப்பு கிடைச்சு வெளிய வந்துட்டாரு, அது தனிக் கதை.)

'தெருவுல இறங்கினவங்க'ன்னு எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டறீங்க. ஓக்லாண்டுல கண்ணாடி உடைச்சது உண்மை, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. 2013 ஜூலை 13 ராத்திரி தீர்ப்பு, அடுத்த சனிக்கிழமை நூறு நகரத்துக்கு மேல கூட்டம், பெரும்பாலும் மெழுகுவர்த்தியும் தட்டியும்தான். ஒபாமாவே ஜூரி சொன்னதை ஏத்துக்கணும்னு சொல்லிட்டு, அதே மூச்சுல 35 வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பையன் நானா இருந்திருக்கலாம்னாரு. இன்னொண்ணும் கேட்டாரு: அந்தப் பையன் கையில துப்பாக்கி இருந்து, யாரோ பின்தொடர்றாங்கன்னு பயந்து அவன் சுட்டிருந்தா இதே சட்டம் அவனைக் காப்பாத்தியிருக்குமா? இந்தக் கேள்விக்கு உங்க பதில் என்ன, அடுத்த கடிதத்துல எழுதுங்க, நிச்சயமா போடறேன்.

எனக்கு அந்தப் போராட்டக்காரங்க மேல வருத்தம் ஒண்ணு உண்டு, கோபம் பூரா ஒரு ஆள் மேல போய் சட்டத்து மேல போதுமான அளவு போகல. 'ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்'னு 2005-ல வந்த சட்டம், ஓடித் தப்பிக்க வழியிருந்தாலும் ஓட வேண்டாம், நின்னு சுடலாம்ங்கறது. ஜிம்மர்மேன் வக்கீல்கள் அதை வெச்சு விசாரணையே வேண்டாம்னு கேக்கல, சாதாரண தற்காப்புன்னுதான் வாதாடினாங்க, ஆனா ஜட்ஜ் ஜூரிக்குப் படிச்ச விளக்கத்துல அந்த வரி உட்கார்ந்திருந்தது. இவ்வளவு கூச்சலுக்கப்புறம் ஃப்ளோரிடா என்ன பண்ணுச்சு தெரியுமா, 2017-ல அந்தச் சட்டத்தை சுடறவங்களுக்கு இன்னும் சாதகமாக்கி, முன்விசாரணையிலயே அரசு தரப்பு தலையில சுமையை ஏத்திடுச்சு. பக்கத்து ஜார்ஜியாவுல ஆமட் ஆர்பெரிங்கற கறுப்பின இளைஞரைத் துரத்திச் சுட்ட கேஸ்ல அப்படி இல்ல, 'குடிமகனே கைது பண்ணலாம்'ங்கற பழைய சட்டத்தை 2021-ல தூக்கிட்டாங்க, அதே வருஷம் நவம்பர்ல பன்னிரண்டுல பதினொரு பேர் வெள்ளைக்காரங்களா இருந்த ஜூரி மூணு பேரையும் குற்றவாளின்னுச்சு. அந்த ஜூரியை மட்டும் நான் பாராட்டினா நீங்க பிடிச்சுக்குவீங்கன்னு தெரியும், அங்க வீடியோ இருந்தது, ட்ரேவான் கேஸ்ல இல்ல, பெரிய வித்தியாசமே அதுதான்.

கடைசிக் கேள்வி. முதல் ஓட்டுல மூணு பேர் விடுதலை, ரெண்டு பேர் மான்ஸ்லாட்டர் (கொலையை விடக் குறைஞ்ச குற்றம்), ஒருத்தர் கொலைன்னு இருந்ததா ஜூரியில இருந்த ஒருத்தரே பின்னாடி டிவியில சொன்னாங்க. அங்க ஆறு பேரும் ஒரே முடிவுக்கு வந்தாகணும். பதினாறு மணி நேரத்துக்கு மேல பேசினாங்க. கொலைன்னு எழுதின அந்த ஒருத்தங்களும் கடைசியில விடுதலைக்கு வந்துட்டாங்க, வெளிய வந்து அவர் கொலை பண்ணித் தப்பிச்சுட்டாருன்னு வேதனைப்பட்டாங்க. நான் மான்ஸ்லாட்டர் ரெண்டு பேரோட ஆரம்பிச்சிருப்பேன். அந்த விளக்கத் தாளைத் திரும்பத் திரும்பப் படிச்சதுக்கப்புறம் எத்தனாவது மணி நேரத்துல கையை இறக்கியிருப்பேன்னு எனக்கே தெரியல, இறக்கிட்டு வெளிய வந்து அந்த ஜூரிப் பெண் சொன்னதையேதான் நானும் சொல்லியிருப்பேன்.