“தம்பி இருக்கிறான், அதனால் கவலையில்லை”

கேள்வி: எனக்கு வயது 36. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். சிவப்பணுக்கள் எப்படி உருவாகின்றன என்று ஆராய்ச்சி செய்கிறேன். பி.எச்.டி. முடித்து ஏழு வருடமாகக் கேப்டவுனில் போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சியாளர். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். வருவது சம்பளம் இல்லை, உதவித்தொகை. வரி கிடையாது, பென்ஷனும் மெடிக்கல் எய்டும் (மருத்துவக் காப்பீடு) கிடையாது. இப்போது நெதர்லாந்தில் இரண்டு வருட வாய்ப்பு வந்திருக்கிறது. டர்பனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நிரந்தர வேலையும் கிடைக்கும்போல் இருக்கிறது. அம்மாவோ, “படிப்பு எப்போ முடியும், கல்யாணம் எப்போ?” என்கிறார். தம்பி நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அம்மாவை க்ளினிக்குக்குக் கூட்டிப்போகிறான், அதனால் அந்தப் பக்கம் கவலையில்லை. எனக்குப் பிடித்ததைச் செய்வது தப்பா?

பெயர் வேண்டாம், கேப்டவுன்

பதில்: உன் கடிதம் நாலு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை வைத்துக்கொண்டு நாலு பக்கம் எழுதினாயே, அதற்கு ஒரு சபாஷ். சபாஷ் இதோடு சரி.

பிடித்ததைச் செய்வது தப்பா என்று யாராவது கேட்காத மாதம் எனக்கு இல்லை. “தப்பே இல்லை, போய் வா மகளே” என்று நான் சொல்லவேண்டும், அதற்குத்தானே தபால்தலை ஒட்டினாய்? நான் அதைச் சொல்லப்போவதில்லை.

மூன்றரைப் பக்கம் ரத்தம், தம்பிக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியையும் “அதனால் கவலையில்லை” என்று முடித்திருக்கிறாய். யாருக்குக் கவலையில்லை?

எலும்பு மஜ்ஜைக்குள் மேக்ரோஃபேஜ் என்ற, கழிவை விழுங்கும் பெரிய செல் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றி இளம் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொண்டு வளரும், 1958-இல் மார்செல் பெஸ்ஸிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் கூட்டத்தைத் தீவு என்று விவரித்தார் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். வளர்ந்த அணு தன் உட்கருவைக் கழற்றிப் போட்டுவிட்டு ரத்தத்தோடு ஓடிவிடுமாம். கழற்றிப் போட்டதை விழுங்கிச் சுத்தம் செய்வது நடுவில் இருக்கும் அந்தத் தாதிச் செல்லாம். தாதி இல்லாமல் ஆய்வகத் தட்டில் வளர்த்தால் நிறைய அணுக்கள் உட்கருவைக் கழற்றுவதே இல்லை என்று அலுத்துக்கொள்கிறாய். ஏழு வருடமாக இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவளுக்கு, வீட்டின் நடுவில் உட்கார்ந்திருப்பவன் மட்டும் தெரியவில்லையா? தட்டில் வளர்க்கும் ஒரு கல்ச்சர் சிவப்பணுக்களாக முதிர மூன்று வாரம் ஆகும், இடையில் ஞாயிறுகூட விட முடியாது என்கிறாய். தீபாவளிக்கு வராததற்கு அதுதான் காரணம். தம்பி எந்த ஞாயிற்றை விட்டான்?

க்ளினிக் எப்படி நடக்கும் என்று சாட்ஸ்வொர்த் பெண்ணுக்கு நான் சொல்லவேண்டாம். ஆனாலும் சொல்கிறேன், மறந்திருப்பாய். விடியுமுன் போய் அட்டையைக் கொடுக்கவேண்டும். ஃபைல் வர ஒரு பெஞ்ச், பிரஷர் பார்க்க ஒரு பெஞ்ச், டாக்டருக்கு ஒன்று, கடைசியில் மருந்து ஜன்னலுக்கு ஒன்று. ராத்திரி முழுக்க வேலை செய்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், அம்மாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சுக்குப் பெஞ்ச் தூங்கி வழிவான். உன் தம்பியை நான் பார்த்ததில்லை. அவனைப்போல் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிடும். சாயங்காலம் மறுபடி வேலைக்குக் கிளம்பவேண்டும்.

கடிதத்தின் ஓரத்தில் இன்னொன்றும் கிறுக்கியிருக்கிறாய்: “தம்பிக்கு டர்பன் பீனிக்ஸில் பார்த்த சம்பந்தம் கைகூடவில்லை.” ஏன் என்று கேட்டாயா? ராத்திரியெல்லாம் வேலை, பகலெல்லாம் அம்மா என்று இருக்கும் பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? உன் கல்யாணத்தைப் பற்றி அம்மா கேட்பதுதான் உனக்கு உறுத்துகிறது. கேட்கட்டும், அம்மாக்கள் கேட்பார்கள். அவன் கல்யாணத்தைப் பற்றி நீ கேட்காததுதான் எனக்கு உறுத்துகிறது.

பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்கிற ஜாதி இல்லை நான். நான் டீச்சர் ட்ரெயினிங் போகவேண்டும் என்று என் அண்ணன் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு செருப்புத் தொழிற்சாலைக்குப் போனார். பட்டம் வாங்கிய அன்று எடுத்த போட்டோவில் அவர் இல்லை. அன்றைக்கு அவருக்கு ஷிஃப்ட். “உனக்கு என்ன படிக்க ஆசை?” என்று நான் அவரைக் கேட்டபோது அவருக்கு 58 வயது. சிரித்துவிட்டு, டீ ஆறுகிறது என்றார். அதனால் உன்னைத் திட்ட எனக்குத் தகுதி உண்டு.

நெதர்லாந்தா டர்பனா என்பதை நான் தீர்மானிக்க மாட்டேன், நீ தனியாகத் தீர்மானிக்கவும் கூடாது. தம்பியோடு உட்கார்ந்து பேசு. போனில் வேண்டாம், போனில் அவன் “நீ போ அக்கா, நான் பார்த்துக்கறேன்” என்றுதான் சொல்வான். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதே. போவதாக முடிவானால், விசாவுக்கு எழுதிப்போடும் முன்பே மாதாமாதம் எவ்வளவு அனுப்புவாய், க்ளினிக் நாளில் அம்மாவோடு போவது யார், அவருக்குக் கூலி என்ன என்று மூன்று பேரும் பேசி முடியுங்கள். அதற்கெல்லாம் உதவித்தொகை போதாது என்றால், டர்பன் வேலையை எடுத்துக்கொள். அங்கேயும் ரத்தம்தான்.

நெதர்லாந்துப் பேராசிரியருக்குப் பதில் எழுத இரண்டு வாரம் இருக்கிறது என்கிறாய். இன்று ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டு, அட்டையில் அடுத்த தேதி என்ன போட்டிருக்கிறது என்று கேள். இரண்டு வாரத்துக்குள் என்றால் அதற்கு முந்தைய நாள் வந்து சேரும்படி டிக்கெட் போடு. தள்ளியிருந்தால் பேராசிரியரிடம் தவணை கேள். அன்றைக்குக் கைப்பை உன் மடியில் இருக்கட்டும், அவன் வீட்டில் தூங்கட்டும்.