கோணி மாற்றியும் விதைநெல்லில் பூச்சி வருகிறதா?

விதைநெல் மூட்டையைத் திறந்தால் வைக்கோல் நிறத்தில் சின்னப் பூச்சிகள் பறக்கின்றன, கோணியை மாற்றியும் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அது நெல் அந்துப்பூச்சி. கோணி மாற்றிப் பயனில்லை, புழு நெல்மணிக்குள் இருக்கிறது.

பறக்கும் பூச்சி நெல்லைத் தின்னாது. ஒரு வாரம் பத்து நாள் இருந்து முட்டையிட்டுவிட்டுச் செத்துவிடும். வெள்ளையாக இடும் முட்டை பிறகு சிவக்கும். பொரிந்த புழு மயிரிழை போலத்தான் இருக்கும். உமி இடுக்கில் நுழைந்து, அரிசியைத் தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகும். அதற்கு முன் உமியை உள்ளிருந்து வட்டமாக அரித்து, மெல்லிய மூடி மட்டும் விட்டு வைக்கும். பூச்சி அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒரு பிடி நெல்லை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள், அந்த வட்டம் தெரியும். நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து பூச்சியாக ஏறக்குறைய 5 வாரம்.

கதிர் முற்றும்போதே வயலில் முட்டையிட்டுவிடும். அதனால் புது நெல்லும் தப்பாது.

பூச்சியால் குவியலுக்குள் ஆழமாகப் போக முடியாது, மேல் ஓரடியில்தான் சேதம் அதிகம். அதைத் தனியே எடுத்துவிடுங்கள். அரித்த மணியை விதைக்க நம்ப வேண்டாம். மீதியைத் தூற்றி, உச்சி வெயிலைத் தவிர்த்துக் காயவைத்து, ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் புதுச் சாக்கில் இறுக்கித் தைத்துவிடுங்கள். அப்புறம், பழைய சாக்கை அதே அறையில் போட்டு வைக்காதீர்கள்.