பீகிள் நாயின் நுரையீரல் முடிச்சுகள் மருந்தால் வந்தவையா?

கேள்வி: ஒரு மருந்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வறிக்கையில், அவற்றின் நுரையீரலில் காணப்பட்ட சிறு முடிச்சுகளை ‘தற்செயலானவை, மருந்துடன் தொடர்பற்றவை’ என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தார்கள். இது மழுப்பல் அல்லவா?

பதில்: சந்தேகம் நியாயமானதே. ஆயினும் பெரும்பாலும் அந்த வரி உண்மையாகவே இருக்கும். நச்சியல் ஆய்வுக்கென்றே வளர்க்கப்படும் பீகிள் நாய்களின் நுரையீரலில், மருந்து உள்ளே போவதற்கு முன்பே சிற்சில மாற்றங்கள் இருப்பதுண்டு. இவற்றில் பேர்போனது, ஆய்வுக்கூட பீகிள்களிடம் கண்டறியப்பட்டு 1975-இல் பெயரிடப்பட்ட ‘ஃபிலராய்டெஸ் ஹிர்தி’ என்ற நுரையீரல் புழுவால் வருவது. பல நுரையீரல் புழுக்களுக்கு நத்தை போன்ற இடைநிலை உயிரி தேவைப்படும். இதற்கோ எதுவும் வேண்டாம். தாயின் மலத்தில் வெளிவரும் இளம்புழு அப்போதே தொற்றும் திறன் கொண்டதாகையால், குட்டிகள் பால்குடிப் பருவத்திலேயே அதைப் பெற்றுவிடுகின்றன. அறுத்துப் பார்த்தால், நுரையீரல் உறைக்கு அடியில் சில மில்லிமீட்டர் அளவில் சாம்பல் நிற முடிச்சுகள் தென்படும். உயிருள்ள புழுவைச் சுற்றி அழற்சி மிகக் குறைவாகவே இருக்கும். புழு செத்த பிறகுதான் அழற்சி அணுக்கள் அதைச் சூழ்ந்து முடிச்சாகத் திரள்கின்றன. புழுவே இல்லாமலும் சிறு அழற்சித் திட்டுகள் தோன்றுவதுண்டு. வாய்வழி ஊட்டிய மருந்து தவறி மூச்சுக்குழலுக்குள் போனாலும் புண் உண்டாகும்.

மருந்து கொடுக்கப்படாத ஒப்பீட்டுக் குழுவிலும் அதே மாற்றம் இருக்கிறதா, மருந்தின் அளவு கூடக்கூட அதன் தீவிரமும் கூடுகிறதா என்பவையே நோயியல் வல்லுநர் முதலில் பார்ப்பவை. இதில் ஒரு சிக்கல் உண்டு. 90 நாள் ஆய்வுக்கான ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) வழிகாட்டுதல், குழுவுக்குக் குறைந்தது 4 ஆண், 4 பெண் நாய்களையே கேட்கிறது. இத்தனை சிறிய குழுக்களில், எதேச்சையான முடிச்சு அதிக அளவு மருந்து பெற்ற நாய்களிடம் மட்டுமே அமைந்துவிடுவது அபூர்வமன்று. அப்போது அதே வளர்ப்பிடத்து நாய்களைப் பற்றிய பழைய ஆய்வுகளின் பதிவுகளைப் புரட்ட வேண்டியிருக்கும்.

நீங்கள் படித்த மருந்து நோய் எதிர்ப்புத் திறனைக் குறைக்கும் வகையாக இருந்தால் மட்டும் அந்த ஒற்றை வரியை நான் ஏற்கமாட்டேன். ஸ்டீராய்டு போன்றவை கொடுக்கப்படும்போது, அதுவரை அடங்கிக் கிடந்த இந்தப் புழு உடலுக்குள்ளேயே பெருகி நாயின் உயிருக்கே உலை வைக்கலாம். அங்கே புழு பழையதானாலும் அதன் பெருக்கம் மருந்தின் விளைவுதான் என்பதை அறிக்கை தனியே விளக்கியாக வேண்டும்.