மாமன்றத்தில் ஓர் இளம் பிரதிநிதி

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இருபத்திரண்டு வயது மாணவி. எங்கள் திருச்சபைக்காக முடிவெடுக்கும் அவையான மாமன்றத்தின் கூட்டத்திற்கு முதல்முறையாகப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். வாக்குரிமை உள்ள பொறுப்பு. தடிமனான அறிக்கைத் தொகுப்பு ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது; அதில் பாதி எனக்குப் புரியவில்லை. இளைஞர்களின் சார்பில் பேசினால் போதும் என்று சபையில் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் மூத்தவர்கள் முன்பே முடிவுசெய்துவிடுவார்கள், நீ கைதூக்கத்தான் போகிறாய் என்கிறார்கள் நண்பர்கள். நான் போவதில் பொருள் உண்டா? எப்படி ஆயத்தமாவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகத்தான் வேண்டும். ஆனால் இளைஞர்களின் சார்பில் மட்டும் பேசுவதற்காகப் போகவேண்டாம். வாக்குரிமை உள்ள பிரதிநிதி என்றால், ஓய்வுபெற்ற போதகர்களின் ஓய்வூதிய நிதியைப் பற்றியும், சட்டவிதித் திருத்தத்தைப் பற்றியும், சொத்துக்களின் நிர்வாகத்தைப் பற்றியும் உங்கள் வாக்கு மற்ற எவருடைய வாக்குக்கும் சமமாக எண்ணப்படும். இளைஞர் பணி அறிக்கை வரும்போது மட்டும் எழுந்து பேசிவிட்டு மற்ற நேரமெல்லாம் மௌனமாக இருக்கும் பிரதிநிதி, தமக்கு அளிக்கப்பட்ட பொறுப்பின் பெரும்பகுதியைத் தாமே கைவிடுகிறார்.

இந்த உரிமை எல்லா இளைஞருக்கும் கிடைப்பதன்று. அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் பொதுப்பேரவைக்கு 17 முதல் 23 வயது வரையுள்ளவர்கள் ஆலோசனைப் பிரதிநிதிகளாக வருகிறார்கள். குழுக்களில் அவர்கள் பேசலாம், வாக்களிக்கலாம். எல்லாரும் கூடும் பொது அவையிலோ அவர்களுடைய வாக்கு ஆலோசனையாக மட்டுமே கொள்ளப்படுகிறது. எனினும் அந்த ஆலோசனை வாக்கை முதலில் பெற்ற பிறகே முழு உரிமையுள்ளவர்கள் வாக்களிக்கிறார்கள். இளையோர் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் மூத்தவர்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்ற அளவில் அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். உங்கள் நிலை அதனினும் வலுவானது.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. பொது அவைக்கு ஒரு விஷயம் வருவதற்கு முன்பே அதன் வடிவம் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. ஆனால் அது அமைவது ஏதோ மறைவான அறையில்தான் என்று எண்ணவேண்டாம். பெரும்பாலும் குழுக்களில் அமைகிறது. ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையின் பொது மாநாடு வழக்கமாக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுகிறது. பிரதிநிதிகளில் பாதிப்பேர் போதகர்கள், பாதிப்பேர் சபை மக்கள். அங்கே சாதாரண உறுப்பினர் ஒருவர்கூட விண்ணப்பம் அனுப்பலாம். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு குழுவுக்குப் போகிறது. குழுவில் ஏறத்தாழ ஒருமனதாக முடிவானவை தொகுக்கப்பட்டு, தனித்தனி விவாதமின்றிப் பொது அவையில் ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. உங்கள் மாமன்றத்தின் விதிகள் வேறாக இருக்கலாம், ஆனாலும் இந்தப் போக்கைப் பெரும்பாலான சபைகளில் காணலாம். ஆகவே குழுக்கூட்டத்தில் கேட்கப்படும் ஒரு தெளிவான கேள்வி, பெரிய மேடையில் ஆற்றப்படும் உருக்கமான உரையைவிட அதிகம் சாதிக்கும்.

ஆயத்தத்தைப் பொறுத்தவரை, அந்தத் தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்க முயலவேண்டாம். சென்ற கூட்டத்தின் தீர்மானங்களையும் இப்போதைய வரவுசெலவுத் திட்டத்தையும் அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் பயிற்சிக்காகவோ மாற்றுத்திறனாளிகளுக்காகவோ அன்று ஆரவாரத்துடன் நிறைவேறிய தீர்மானத்திற்கு இன்று நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒதுக்கப்படவில்லையென்றால், உங்கள் முதல் கேள்வி கிடைத்துவிட்டது. குற்றஞ்சாட்டும் தொனி இல்லாமல், பக்க எண்ணைக் குறிப்பிட்டு அதைக் கேளுங்கள். வயதைக் காரணம் காட்டி அந்தக் கேள்வியை எவரும் ஒதுக்கிவிட முடியாது.

நடைமுறை விதிகளையும் கற்றுக்கொள்ளுங்கள். அவை இளைஞர்களை வாயடைக்க மூத்தவர்கள் கண்டுபிடித்த தந்திரம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஆனால் உலகெங்கும் பல மன்றங்கள் பின்பற்றும் கூட்ட நடைமுறை நூலை எழுதிய ஹென்றி மார்ட்டின் ராபர்ட், 1863இல், முப்பது வயதுகூட நிரம்பாத இராணுவப் பொறியாளராக இருந்தபோது, அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் ஒரு பாப்டிஸ்ட் சபையின் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். கூட்டம் அவர் கையை மீறிப் போயிற்று. அந்த அனுபவம் அவரை ஆராய்ச்சியில் இறக்கியது. நூல் 1876இல் வெளிவந்தது. உரத்த குரல் இல்லாதவர்க்கும் பேச முறை கிடைக்கவேண்டும் என்பதே இத்தகைய விதிகளின் பயன். திருத்தம் எப்போது கொண்டுவரலாம், விதி மீறப்படுகிறது என்று சுட்டும் ஒழுங்குப் பிரச்சினையை எப்போது எழுப்பலாம் என்று தெரிந்த இளையவர் அவையில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். வாக்குக்குப் பதிலாகக் கருத்தொருமிப்பை நாடும் அவைகளும் உண்டு: உலகத் திருச்சபைகள் மன்றத்தில், ஒரு கருத்து மனத்துக்கு ஒப்பினால் ஆரஞ்சு அட்டையும், ஒப்பாவிட்டால் நீல அட்டையும் காட்டுகிறார்கள்.

யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று எழுதிய துண்டுச்சீட்டு உங்கள் கைக்கும் வரக்கூடும். பணிவோடு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் விவாதத்தைக் கேட்டு முடிக்கும்வரை யாருக்கும் வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள். ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இங்கிலாந்துத் திருச்சபையின் பொது மாமன்றத்தை நினைவுபடுத்துங்கள். பெண்கள் பேராயர்களாக வழிவகுக்கும் சட்டம் 2012 நவம்பரில் அங்கே வாக்குக்கு வந்தது. பேராயர், குருமார், சபை மக்கள் ஆகிய மூன்று அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். முதல் இரண்டிலும் எளிதாக நிறைவேறிய சட்டம், சபை மக்கள் அவையில் 132க்கு 74 என்ற கணக்கில், ஆறு வாக்குகள் போதாமல் தோற்றது. தோற்றவர்கள் ஓய்ந்துவிடவில்லை, எதிர்த்தவர்களின் அச்சங்களுக்கும் இடம்கொடுத்து ஏற்பாடுகள் திருத்தப்பட்டன, 2014 ஜூலையில் மூன்று அவைகளும் சட்டத்தை நிறைவேற்றின.

எனவே உங்களுக்கு உவப்பான தீர்மானம் தோற்றால், அதை எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களை உள்ளபடியே குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் உங்களை அனுப்பிய சபையில் அவற்றையும் சேர்த்தே அறிவியுங்கள். எந்தக் குழுவில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தவுடன் எழுதுங்கள். அந்தக் குழுவின் அறிக்கையை நாம் சேர்ந்தே வாசிக்கலாம்.

அன்புடன்